ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க

அன்று காலை ஆறு பத்து பஸ்ஸில் வெள்ளத்தாய் ஏறியது படிப்பதற்கல்ல, படிப்பை விடுவதற்கு. படிப்பிலிருந்து நின்றுகொள்வதாக எழுதிய கடிதம் மஞ்சப்பையில் இருந்தது.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்போடு நின்றவள். எட்டு படித்திருந்தால் போதும், வயதெல்லாம் கேட்பதில்லை என்று அந்தச் சமுதாயக் கல்லூரியில் சொன்னதை நம்பித்தான் போன ஆடியில் சேர்ந்தாள். கல்லூரிக்கு மூன்று ஊரில் மூன்று வளாகங்கள். அவளுடைய சொந்த ஊரான வத்திராயிருப்பில், பழைய அரிசி மில் கட்டடத்தில் தையல் வகுப்பு மட்டும்தான். நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஏசி மெக்கானிக், கம்ப்யூட்டர், ஆபீஸ் எல்லாம் ராஜபாளையத்தில். மொத்தம் இருநூறு பேர் தேறுவார்கள். மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு சிவந்த கண்ணோடு வருகிறவர்கள், ப்ளஸ் டூவில் கோட்டைவிட்ட பிள்ளைகள், மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அதே ஓட்டத்தில் தானும் வகுப்புக்கு வருகிற தாய்மார்கள். ரிட்டையரான போலீஸ் ஏட்டு ஒருவர்கூட ஏசி ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்தார்.

முதல் ஆறு மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்ததால் சிரமமில்லை. இனி செய்முறை வகுப்பு முழுக்க ராஜபாளையத்தில்தான் என்று நோட்டீஸ் ஒட்டியபோதுதான் இடித்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். ஆறு பத்தை விட்டால் ஆகாது. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். புருஷன் வீரணன் பட்டாளத்திலிருந்து திரும்பி மூன்று வருஷமாகத் தென்னையையும் நெல்லையும் பார்த்துக்கொள்கிறான், மாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவனிடம் உதவி கேட்கவும் அவளுக்கு நா எழவில்லை. மாமனார் இறந்ததிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு மட்டும் பால் கறக்கச் சொல்லி அடுத்த வீட்டு பாண்டிசெல்வியைக் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

கல்லூரி முதல்வர் தேவகிருபை, ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். செய்முறை வகுப்பை அவரே எடுப்பார். கடிதத்தை நீட்டியதும், "அப்புறம் பாப்போம். மணி ஒம்பதாச்சு, வந்து உக்காருங்க" என்று வகுப்புக்குள் நடந்துவிட்டார்.

உள்ளே கட்டிலில் எப்சி மல்லாந்து படுத்திருந்தாள். பத்தொன்பது வயசுக்காரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளத்தாயின் பெஞ்சுக்காரி. அன்றைக்கு அவள்தான் பக்கவாத நோயாளி. அவளைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதலில் போன பையன் கையைப் பிடித்து இழுத்தான்.

"எம்மா, கை கழண்டுரும்லே!" என்று நோயாளி கத்த, வகுப்பே சிரித்தது.

"வெள்ளத்தாய், நீங்க வாங்க."

வெள்ளத்தாய் கட்டிலருகே போனாள். எப்சியின் முழங்காலை மடக்கினாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து, தன் பக்கமாக மெல்ல உருட்டினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. துணிச் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"அக்கா, இப்படியே தூங்கிருவேன் போல" என்றாள் எப்சி.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும்?" என்று கேட்டார் தேவகிருபை.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க" என்ற வெள்ளத்தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மாமா வாதத்துல விழுந்து எட்டு மாசம் கெடந்தாவ, டீச்சர். சோறு ஊட்டுனேன், பீ மூத்திரம் அள்ளுனேன். ஒரு நாள் மொகஞ்சுளிக்கல. ஆனா புரட்டணும்னு எனக்குத் தெரியாது. அசைச்சா வலிக்குமேன்னு அசைக்காமலே வச்சிருந்தேன். முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. அந்தப் புண்ணுலதான் போய்ச் சேந்தாவ. அவிய மகன் அப்ப பட்டாளத்துல. வந்து மொகத்தப் பாத்தாரு, முதுகையும் பாத்தாரு. என்னய ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கி வரைக்கும் கேக்கல."

எப்சி எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேவகிருபை கடிதத்தை அவள் பையிலேயே திரும்ப வைத்தார். "வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க. பேசின பிறகும் நிக்கணும்னா நாளைக்கு வாங்கிக்கிறேன்."

சாயந்தரம் வீரணன் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். வெள்ளத்தாய் பையைக் கீழே வைக்காமலே போய் நின்றாள்.

"மாமா முதுகப் பாத்துட்டு ஏன் நீங்க என்னய ஒண்ணுமே கேக்கல?"

அவன் திரும்பிப் பார்த்தான். கன்றின் பாத்தி நிரம்பித் தண்ணீர் வெளியே வழிந்தது.

"ஏட்டி, உன்னய என்னத்தக் கேக்க? பெத்த தகப்பன் படுக்கையில கெடக்காருன்னு தெரிஞ்சும் சண்டை போட்டு லீவு வாங்காதவன் நான். வந்து பாத்தா, அவரு துணிய அலசி அலசி ஒன் வெரலெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு. ஒம் மொகத்தப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீதான் மனசுக்குள்ள என்னயக் குத்தஞ்சொல்லுதன்னு நெனச்சேன்."

அத்தனை வருஷமும் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாய் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறார்கள். வெள்ளத்தாய் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அழாதே என்று சொல்லவில்லை. அழுது முடித்த பிறகு அவள் பஸ் விஷயத்தையும் மாட்டு விஷயத்தையும் சொன்னாள்.

"இம்புட்டுதானா? மாட்ட நான் பாத்துக்கிடுதேன். நீ படி."

"நீங்களா? கறக்கத் தெரியுமா?"

"துப்பாக்கியக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?"

தெரியவில்லை. மறுநாள் விடியலில் சிவப்பு மாடு விட்ட உதையில் செம்பு ஒரு பக்கம் உருள, அவன் ஒரு பக்கம் விழுந்தான். அவள் சிரித்த சிரிப்பில் பாண்டிசெல்வி எட்டிப் பார்த்தாள். "நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும்" என்று சாணியைத் துடைத்துக்கொண்டே விரட்டினான். மாடு அவனை ஏற்றுக்கொள்ளப் பத்து நாள் ஆயிற்று.

வெள்ளத்தாய் ஒரு வகுப்பையும் விடவில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிவதற்குள்ளேயே, தளவாய்புரத்தில் இடுப்பு முறிந்து கிடந்த ஒரு தலைமையாசிரியரைப் பார்த்துக்கொள்ள அவளை வரச்சொல்லிவிட்டார்கள்.

ஆனியில் பட்டமளிப்பு. மூன்று வளாகத்தாரும் ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். வெள்ளத்தாய் என்று பெயர் வாசித்ததும் எப்சி விசிலடித்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்த வீரணன் எழுந்து நின்றுவிட்டான். பின்னால் இருந்தவர்கள் மறைக்குது, உட்காருங்க என்றார்கள். அவள் சான்றிதழை வாங்கி, படியிறங்கி, அவனைத் தேடிப் பார்க்கும்வரை அவன் உட்காரவில்லை.