கரிசலில் ஏறிய செம்மண்

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டில், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு மண் எடுக்கும் வேலையில் பன்னிரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மண்வேலை என்றால் தூங்குவதுதான். காலையில் கூழைக் குடித்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்ட அவரவர் கட்டத்துக்குள் படுத்துவிட வேண்டும். ஆள் தூங்கத் தூங்கக் கீழே மண் வெட்டுப்பட்டுப் பக்கத்தில் குவியலாக ஏறும். ஆளும் நோகாமல் குழியோடு இறங்குவார். எழுந்ததும் ஏணி வைத்து மேலே வர வேண்டியதுதான்.

எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு மண் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்வது மரகதவல்லியின் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. கரிசலுக்குக் கனவே இல்லாத தூக்கம் வேண்டும். சரளை என்றால் லேசான கனவு பரவாயில்லை. பாறைக்குக் காய்ச்சல்காரரின் தூக்கம்தான் சரிப்படும், ஆனால் அந்த மாதிரி வேலைக்கு அவள் ஒப்புவதில்லை. ஒருக்களித்துப் படுப்பவரின் குழி சரிவாக வரும். கொசுவுக்கு இவ்வளவு, வெயிலுக்கு இவ்வளவு, ஆடி மாத ஒலிபெருக்கிக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டு, தலைக்கு ஒரு நாளைக்கு மூன்று கன மீட்டர் என்று எழுதியிருந்தாள். அவளுடைய படிவத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஊர் நினைப்புக்கு அதில் இடமில்லை. இதுவரை வந்தவர்கள் எல்லாம் சாயங்காலம் சைக்கிளில் வீடு போய்ச் சேர்கிறவர்கள், அதனால் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

இந்த முறை பென்னாகரம் பக்கத்திலிருந்து வேடியப்பன் வந்திருந்தார். நல்ல தூக்கக்காரர், குறட்டை ரோடு வரைக்கும் கேட்கும். ஆனால் மூன்று நாளாக அவருடைய கட்டம் சமதளமாகவே கிடந்தது. குவியல் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்புக் குவியல்களுக்கு நடுவே அது ஒன்றுதான் செக்கச்செவேல் என்று இருந்தது.

"எங்கண்ணா உங்க குழி?" என்று மரகதம் கேட்டாள்.

வேடியப்பன் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். "இது எங்க வூட்டு அடிமண்ணு மேடம்."

உடனே வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் மனைவி பச்சையம்மா நிதானமாகப் பேசினாள். "ஆமா, வூடு எறங்கிட்டே இருக்குது. நேத்து வாசப்படி போச்சு, இன்னிக்கு சன்னல் வரைக்கும். நீ சாப்ட்டியா?"

மேலாளர் ஜெபராஜுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. சனிக்கிழமைக்குள் அந்தக் கட்டத்தில் குழி விழாவிட்டால் ஆளை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லிவிட்டார். தூங்கினால் வீடு புதையும், தூங்காவிட்டால் வேலை போகும். தன் படிவத்தில் விட்டுப்போன ஒன்றுக்காக ஒரு குடும்பம் மண்ணுக்குள் போகிறதே என்று மரகதம் அவருடைய பாயைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். தலைமாட்டை வடக்கிலிருந்து கிழக்கே மாற்றிப் பார்த்தாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள்.

"ஊரை நினைக்காமப் படுங்கண்ணா."

"நான் நினைக்கிறதில்ல மேடம். அதுவா வந்து நிக்குது."

வியாழனும் வெள்ளியும் அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்தே உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை காலையில் பச்சையம்மாவே கூப்பிட்டாள். வெளியே வந்து நில் என்று அவர் கெஞ்சியதற்கு அவள் மசியவில்லை.

"உன்னோட தூக்கந்தானே, யாரோடதோவா? தூங்கு. நான் உள்ளதான் இருக்கறேன்."

பத்து மணிக்கு வேடியப்பன் படுத்தார். மரகதம் அளக்கும் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குவியலுக்கு எதிரே உட்கார்ந்தாள். குறட்டை எழுந்தது. செம்மண் சரசரவென்று ஏறியது. எழுப்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து இரண்டு முறையும் உட்கார்ந்தாள். பன்னிரண்டரை மணிக்குக் குவியலின் உச்சியில் ஒரு ஓடு தெரிந்தது. பிறகு கூரை. பிறகு சன்னல், கதவு, வாசப்படி. கதவைத் திறந்து பச்சையம்மா வெளியே வந்தாள். படியில் கிடந்த மண்ணைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"யாருங்க கோடு போட்டது? கோணலா இருக்குது."

"நான்தாங்க," என்றாள் மரகதம்.

"இவர எழுப்பட்டுமா?"

"வேண்டாங்க. ஒரு மணி வரைக்கும் வேலை நேரம்."

பச்சையம்மா கட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து புருஷனின் நெற்றியில் மொய்த்த ஈயை ஓட்டினாள். அவருடைய குறட்டை மெல்ல அடங்கியது. முகம் தெளிந்தது. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி மண் விண்டது; வேடியப்பன் பாயோடு இறங்கத் தொடங்கினார். செம்மண்ணின் மேல் கரிசல் ஏறியது. ஒரு மணிக்குக் குழி இடுப்பளவு ஆழத்துக்கு வந்திருந்தது. மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அளந்தாள்.

இரண்டு மணிக்கு ஜெபராஜ் வந்து குழியைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார்.

"வீட்டக் கழிச்சுட்டீங்களா?"

"கழிச்சுட்டேன் சார். வீடு மட்டும் திண்ணமா நாற்பது கன மீட்டர்."

"அப்ப சரி," என்று அவர் கிளம்பிப் போனார்.

மூன்று மணிக்குப் பச்சையம்மா, மரகதம் கணக்கெழுதும் தகர ஷெட்டுக்கு ஒரு தட்டில் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மரகதம் வழித்துச் சாப்பிட்டாள். "நீங்களும் செத்த நேரம் தலைய சாய்ங்க," என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மா போனாள். மதிப்பீடு போடுகிறவர்கள் தளத்தில் தூங்குவதில்லை. மரகதம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கே தூங்கியதே இல்லை. கரூரில் ஆற்றங்கரை வீட்டை விட்டு வந்து பதினொரு வருடம் ஆகிறது. யாராவது கேட்டால், அங்கே என்ன இருக்கிறது என்பாள். மேஜையில் கையை மடித்து, அதன் மேல் தலையை வைத்தாள்.

விழித்தபோது கால் ஈரமாக இருந்தது. மேஜைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு ஆற்றுமணல் ஏறியிருந்தது. மணலின் உச்சியிலிருந்து துவைத்த சேலை ஒன்றின் முந்தானை வெளியே நீண்டிருந்தது. மறுமுனையை அந்தப் பக்கத்தில் யாரோ பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மரகதம் டேப்பைக் கீழே வைத்தாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து, எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிழிந்தாள்.