கேள்வி மட்டும்

"இதுவும் கதைதான்" என்றாள் ஜான்சி.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தானே புயலுக்குப் பிறகு சிதம்பரத்தில் கரண்ட் வந்துவிட்டது. கடலூர்ப் பக்கம் இன்னும் இருட்டுத்தான். மரமும் பயிரும் வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அந்தத் தமிழ்த் தளத்தில், எந்தக் கேள்வி இருக்கலாம், எது கூடாது என்று பார்ப்பது சம்பளமில்லாத வேலை. நாலைந்து பேர் பார்த்தார்கள். அவர்களில் ஜான்சிதான் வேகம். புயலுக்குப் பின் கேள்விகள் கொட்டின. எல்லோருமே மாமனார் வைத்த தென்னை, பிள்ளை பிறந்த வருஷம் நட்ட முந்திரி என்று கதையிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். கதையைக் கழித்துவிட்டுக் கேள்வியை மட்டும் விடுவது தளத்தின் வழக்கம். அதைக் கொண்டுவந்தவளே அவள்தான். இப்போதெல்லாம் கதையைப் படிப்பதுகூட இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி வரிக்கு மேலே வரை மவுஸை இழுத்தால் எல்லாம் நீலமாகிவிடும். அழித்துவிடுவாள்.

"அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்கறியே, அரிசி எதுனா மிச்சம் இருக்கா பாரு" என்றான் அவள் கணவன் மணவாளன், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

"நீங்க ஒக்காந்து பாருங்க தெரியும். ஆளாளுக்கு ஒரு சீரியல் எழுதறாங்க."

"மரம் போன வயித்தெரிச்சல்ல எழுதறாங்க, பாவம். படிச்சிட்டாவது அழியேன்."

"படிச்சா பொழுதன்னைக்கும் படிச்சிக்கிட்டே கெடக்கணும்."

ஒரு வரி மிஞ்சியிருந்தது. 'சாஞ்ச பலா மரத்த நிமித்தலாமா, வெட்டிடலாமா?' ஏற்கெனவே வந்த கேள்விதான். பழைய பதிலோடு இணைத்து, வேறு யாரும் பதில் எழுதாதபடி மூடினாள். கேள்விக்குக் கீழே அந்தப் பதில் வந்து நின்றது: 'வேர் பெயர்ந்த பெரிய மரம் பிழைக்காது. வெட்டி அகற்றவும்.' அதற்கும் கீழே, சின்னப் பூட்டுப் படத்தோடு, 'மூடியவர்: ஜான்சி.'

மாசி பிறந்தபின் தம்பி செம்பியன் போன் செய்தான். மேல்பட்டாம்பாக்கத்தில், பிறந்த வீட்டில் அவளோடு பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அப்பா சாமிக்கண்ணு அவள் கல்யாணத்துக்கு வரவில்லை. "அந்த ஊட்டு நடுக்கூடத்துல நம்பளுக்கு எல போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதோடு பேச்சு நின்றது.

"கரண்ட் வந்துடுச்சிக்கா. நீ வெச்ச பலாவ வெட்டியாச்சி."

"ஏன்டா, உழுந்துடுச்சா?"

"சாஞ்சிதான் இருந்திச்சி. ஒரு பக்கத்து வேரு மண்ணுலயே இருந்திச்சி. நீ சொன்னப்பறம்தான் அப்பா ஆளு உட்டுச்சி."

"நான் எப்படா சொன்னேன்?"

"என்னாக்கா இப்பிடிக் கேக்கற? நெல்லிக்குப்பத்துல ஜெனரேட்டர் போட்ட பிரவுசிங் சென்டருக்குப் போயி, அங்க இருந்த பையன எழுதச் சொல்லி ஒன் சைட்டுல கேட்டுச்சே! மறுநாளு போயி படிக்கச் சொன்னா, வெட்டிடுன்னு போட்டு ஒன் பேரு இருந்திச்சாம். ஊட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசல. அடிக்கட்டையில இன்னும் பால் வடியுதுக்கா."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தேடி எடுத்தாள். தளத்தில் அழித்தது எதுவும் அழிந்துபோவதில்லை. பழைய வடிவத்தைத் திறந்தால், கழித்த வரிகள் சிவப்பில் வரும்.

'வணக்கம். இந்தப் பலா எம் பொண்ணு ஆறாவது படிக்கறப்ப வெச்சது. அவ போனப்பறம் தண்ணி ஊத்துனது நான்தான். மொத காய நான் தொடல, பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துட்டேன். இப்ப புயல்ல சாஞ்சிடுச்சி. நிமித்தறதுன்னா அவளும் அவ ஊட்டுக்காரரும் வந்து கூட ஒரு கை புடிக்கணும். வருவாங்களான்னு தெரியல. இங்க வர்ற கேள்வியெல்லாம் நீங்கதான் பாக்கறீங்கன்னு எம் மவன் சொன்னான். அதான் கேக்கறேன்.'

'நீங்க.' பிறந்ததிலிருந்து அவளை அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

"அப்பாகிட்ட குடுடா."

செம்பியன் நடந்து போவது கேட்டது. பிறகு தூரத்தில், அப்பாவின் குரல்.

"அதான் தெளிவா சொல்லிட்டாங்களே. இன்னும் என்னாவாம்?"

"அப்பா" என்று கத்தினாள். செம்பியன்தான் பேசினான். "அப்பறம் பேசறேன்க்கா."

மணவாளன் பின்னால் நின்று சிவப்பு வரிகளைப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"கெளம்பு. இப்பவே பஸ் புடிச்சிப் போலாம்."

"எதுக்கு? நிமித்தறதுக்கா?"

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

ஜான்சி எழுந்திருக்கவில்லை. புதுக் கேள்வி கேட்கும் கட்டத்தைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் எழுதியதே இல்லை. 'வெட்டிய பலாவின் அடிக்கட்டை துளிர்க்குமா' என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அடிக்க அடிக்க, இதைப் போன்ற கேள்விகள் ஏற்கெனவே உள்ளன என்று தளம் கீழே வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் அந்த ஒற்றை வரி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு.