அலகுக்கு உள்பக்கம்

உடற்கூறியல் வாத்தியாருக்கு எலும்புக்கூடு என்றாலே இளக்காரம். "செத்ததுகிட்ட என்னத்தக் கத்துக்குவீங்க?" என்பார். தோள்பட்டைப் பாடம் வந்தால் வகுப்பிலேயே ஒல்லியானவனைச் சட்டையைக் கழற்றவைத்து மேஜைமேல் உட்காரவைப்பார். இந்த வருடம் அது யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கொக்குதான்.

வகுப்பு வைத்த பட்டப்பெயர் அது. சேர்ந்தபோது அவன் இவ்வளவு ஒல்லி இல்லை; சில மாதங்களாகத்தான் உருகிக்கொண்டிருந்தான். இடது காறையெலும்புக்குக் கீழே ஒரு கட்டி. யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். தெரியாதவரை அது வெறும் கட்டிதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

"சார், வேற யாரையாவது..."

"என்னடா, புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்படுற? கழட்டு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழற்றி, வலது தோளைக் காட்டினான். வாத்தியார் இடது தோளைப் பிடித்தார்.

"காறையெலும்புக்குக் கீழ, இந்தக் குழியில அழுத்துங்க. ஒரு முனை தட்டுப்படும். காக்காயோட அலகு மாதிரி வளைஞ்சிருக்கிறதால பேரே காக்கை அலகு. கத்தி எடுக்கிறவனுக்கு இதான் எல்லைக்கல். வெளிப்பக்கம் பத்திரம். உள்பக்கம் ரத்தக்குழாய், நரம்பு. கை தவறினா ஆள் காலி."

வரிசையாக வந்து அழுத்தினார்கள். கொக்கு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பாதிப் பேர் அழுத்திப் பார்த்து முடித்தபோது அவனுடைய அறைத்தோழன் வந்தான். எதிலும் முந்திக்கொண்டு பதில் சொல்வதால் அவனுக்குப் பெயர் முந்திரிக்கொட்டை.

"சார், இவனுக்கு ரெண்டு அலகு!"

கூரை அதிர்ந்தது. "கொக்குன்னா சும்மாவா!" என்றது ஒரு குரல்.

வாத்தியார் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு செத்தது. பாடம் மட்டும் நிற்கவில்லை.

"அது அலகு இல்ல. நல்லாத் தடவிப் பாத்துச் சொல்லு. எந்தப் பக்கம்?"

"உள்பக்கம், சார்."

"அசையுதா?"

"இல்ல, சார். கல்லு மாதிரி இருக்கு."

"வலிக்குதாடா?"

"இல்ல, சார்," என்றான் கொக்கு.

"அப்போ என்னவா இருக்கும்?"

"புத்துநோய்க் கட்டி, சார்!"

"கரெக்ட்."

முந்திரிக்கொட்டைக்கு வாயெல்லாம் பல். பெஞ்சுக்குத் திரும்பும்போதுதான் அது யாருடைய தோள் என்று உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான்.

கொக்கு சட்டைக்குக் கை நீட்டினான்.

"இருடா," என்றார் வாத்தியார். "இன்னும் பாதிப் பேர் தொட்டுப் பாக்கல."