டீச்சரின் முழங்காலில் புற்றுமண்

ஜெயபாய் டீச்சருக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி அனுப்பும்போது, காயத்தில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குக் கிருமியைப் படம் போட்டு நடத்தியதே அவள்தான்.

முதல் வாரம் வீடு கல்யாண வீடாக இருந்தது. சபையிலிருந்து ஆட்கள் வந்து ஜெபம் பண்ணி, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள். மகள் ஜெனிபா லீவு முடிந்து பெங்களூருக்கு ரயிலேறினாள். அதோடு சரி. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பேச ஆளில்லாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அச்சடித்திருந்ததை டீச்சர் சத்தம்போட்டு வாசித்த நாளும் உண்டு. புருஷன் செத்தபோதுகூட அவள் இப்படித் தனியாக உணர்ந்ததில்லை. அப்போது கால் இருந்தது, எழுந்து எங்காவது போனாள்.

தப்பாமல் வந்தது பின்தெரு சுந்தரம்மாள் மட்டும்தான். தறி வேலை முடிந்ததும் கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வருவாள். டீச்சருக்குத் தலை வாரிவிடுவாள், ஊர்வம்பு பேசுவாள், காபி போடுவாள். காலையில் கண் விழித்ததிலிருந்தே டீச்சர் அந்தச் சாயங்காலத்துக்குக் காத்திருப்பாள்.

தையல் பிரித்த இடத்தில், கீழ்முனையில் கொஞ்சம் ஆறாமல் அரித்துக்கொண்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் வினை. மறுநாள் சுந்தரம்மாள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

“கோயில் புத்துமண்ணு டீச்சர். கொழச்சுப் பூசுதேன். எங்க அண்ணன் மவனுக்கு உடம்பெல்லாம் சொறி, இதுலதான் போச்சு.”

“டாக்டர் வைவாரு சுந்தரம்.”

“அவரா தெனமும் வந்து பாக்காரு? நாந்தான பாக்குதேன்.”

வேண்டாம் என்றால் அவள் முகம் சுண்டும். முகம் சுண்டியவள் நாளைக்கு வராமல் போனால்? டீச்சர் காலை நீட்டினாள். குழைத்த மண் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை பதனமாக அவளைத் தொட ஒரு கை இருந்ததே என்று கண் கலங்கியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே தெரிந்தே ஊதக் கொடுத்தாள், கிருமிப் பாடம் நடத்திய மகராசி.

சீக்கிரமே காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கிச் சீழ் கட்டியது. மறுபடி திருநெல்வேலி, மறுபடி கத்தி. மூட்டைத் திறந்து கழுவித் தைத்தார்கள்.

“காயத்துல என்ன போட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல. தூக்கத்துல சொறிஞ்சிட்டேன்.”

“இன்னொரு தடவ சீழ் வச்சா மூட்டையே கழட்டணும். அப்புறம் நடக்கது சந்தேகம்தான்.”

ஜெனிபா ஓடி வந்தாள், வைதாள், அழுதாள், திரும்பிப் போனாள். அன்று சாயங்காலமே சுந்தரம்மாள் வந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

“அன்னைக்குப் பூசினது பத்தல டீச்சர். இனி ரெண்டு நேரமும் பூசுவோம்.”

டீச்சர் காலை இழுத்துக்கொண்டாள். பையப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வகுப்பில் பிள்ளைகளை அதட்டிய குரல்தான் வெளியே வந்தது.

“தொடாத! அதனாலதான் சீழே வச்சுது.”

சுந்தரம்மாளின் கை அப்படியே நின்றது. “நானா டீச்சர்?”

“நீ இல்ல, மண்ணு...”

“பூசினது நாந்தான.”

அவள் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை, கோபிக்கவில்லை. என்றைக்கும்போல “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆளனுப்பிக் கேட்டால், தறியில் வேலை அதிகம் என்று பதில் வந்தது.

காயம் ஆறியது. காலை மடக்கி நீட்டிப் பார்த்த டாக்டர், பிழைத்தீர்கள் என்றார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. தனியாக நடக்க முடிந்த முதல் சாயங்காலம் டீச்சர் பின்தெருவுக்குத்தான் போனாள். சுந்தரம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவியில் நாடகம் ஓடுகிற சத்தம் கேட்டது.

“சுந்தரம், நாந்தான். பாரு, நடந்தே வந்துட்டேன்.”

டிவிச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள். கால் கொஞ்சமும் வலிக்கவில்லை.