ஞாயிறு வரைக்கும் தாங்குவாரா?

கத்தி கன்னத்தில் இருக்கும்போதே கலியன் தலையைத் திருப்பினார்.

"ஆடாத பெருசு, கீறிக்கும்," என்றார் சவரம் செய்ய வந்தவர்.

"ஒயுங்கா இரு மாமா. எனக்கு ஆயிரம் வேல கீது," என்று துர்காதேவி அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போன். மறுமுனையில் சமையல்காரர், இலை இருநூறு போதுமா இருநூற்றைம்பதா என்று நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் சீரியல் லைட் போட வந்தவன் ஏணிமேல் நின்றுகொண்டு, எந்த பிளக்கில் சொருகுவது என்று கத்தினான். மகள் கவிப்பிரியா நாளைக்கு எடுத்து வைத்த பட்டுப்பாவாடையை இன்றைக்கே போட்டுக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று கட்டிலடியில் புகுந்திருந்தாள்.

"மீசைய எடுத்துடாதப்பா," என்றார் கலியன் நுரைக்குள்ளிருந்து. "நாளிக்கி போட்டோ புடிப்பாங்கோ."

"ஆமா, உன்னதான் மொதல்ல புடிக்கப் போறாங்கோ!" என்றாள் துர்கா.

கலியன், துர்காவின் புருஷன் சபரிநாதனுக்குச் சித்தப்பா. அண்ணன் லாரியில் அடிபட்டுப் போனபிறகு அவருடைய இரண்டு பிள்ளைகளையும், சபரியையும் அவன் அக்கா ஜோதிலட்சுமியையும், அரிசி மில்லில் மூட்டை தூக்கி வளர்த்தவர். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளவில்லை. மில் தூசியெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்து ஆறு மாதமாகப் படுக்கை. பத்து நாள் முன்பு ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன்பெல்லாம் துர்கா அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். ஆறு மாதம் அள்ளிக்கொட்டிக் கழுவிவிட்டதில் அந்த மரியாதை எங்கேயோ கழன்று போயிற்று. அவரும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் கவிப்பிரியாவுக்குக் காதுகுத்து. இது மூன்றாவது தேதி. முதல் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது பூண்டியில் சபரியின் பங்காளி ஒருவர் போய்ச் சேர்ந்தார். பங்காளி சாவென்றால் பதினாறு நாள் தீட்டு, நல்ல காரியம் எதுவும் கூடாது. இரண்டாவது தேதிக்குத் துர்காவின் அண்ணன் அருண்பாண்டியனுக்குக் கத்தாரில் லீவு கொடுக்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? இப்போதுதான் ஒருவழியாக வந்திருக்கிறான். திங்கட்கிழமை விடியற்காலை பிளைட். இதை விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தோடு ஆட்டிக்கொண்டு திரிய, கவிப்பிரியா மட்டும் வெறுங்காதைத் தடவிக்கொண்டு வந்து அழுவாள்.

அதனால் அந்த வாரம் முழுக்க மணவாள நகரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கேள்விதான். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டே கேட்டார்கள். டெய்லரம்மா, தேதி மறுபடியும் மாறினாலும் மாறும் என்று ஜாக்கெட் துணியை வெட்டாமலே வைத்திருந்தாள். காக்களூர் தொழிற்பேட்டையில் துர்கா வேலை பார்க்கும் கம்பெனி சூப்பர்வைசர், "லீவு இப்ப எடுக்கறியா, இல்ல அதுக்கு எடுக்கறியா? ரெண்டுக்கும் சேத்து குடுக்க முடியாது" என்றார். என்ன நியாயமோ! அவளுக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த, பெட்டி ஒட்டுகிற டேப் ரோலை அவர் மண்டையிலேயே போட்டிருப்பாள்.

எல்லாரையும் மிஞ்சினவள் ஜோதிலட்சுமி. வியாழக்கிழமை வந்தவள், கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"இன்னா துர்கா, ஞாயித்துக்கெயம வரைக்கும் தாங்குவாரா?"

"எனக்கு நெஞ்சுதான்டி போச்சு, காது நல்லாத்தான் கீது," என்றார் கலியன். "தாங்குவேன், போடி. மண்டபத்துல மொத பந்தில நான்தான் குந்துவேன்."

"அய்யோ சித்தப்பா, உன்ன இன்னா சொல்லிட்டேன் இப்போ!" என்று ஜோதிலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். பிறகு துர்காவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், குரலை இறக்கி, மறுபடியும் அதையேதான் கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி? எமன் என்கிட்ட போன் நம்பர் குடுத்துட்டா போயிருக்கான்?" என்றாள் துர்கா.

சனிக்கிழமை சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது கலியன் தொணதொணவென்று பிடித்துக்கொண்டார்.

"வண்டி எத்தினி மணிக்கி?"

"எங்களுக்கு அஞ்சரைக்கு வேன். உனுக்கு பதினோரு மணிக்கி தனியா ஆட்டோ. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா போதும்."

"சொக்கா?"

"இஸ்திரி போட்டாச்சு."

"எந்த சொக்கா?"

"அய்யோ மாமா! உசுர வாங்காத. தூங்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது வெந்நீர்ச் சொம்போடு அறைக்குள் போனாள். கலியன் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மழித்த கன்னம் பளபளவென்றிருந்தது.

"மாமா."

காலைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். அரை நாள்! வாரம் பூரா இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு அரை நாள் தாங்கத் தெரியவில்லையா? ஊரே கேட்டதே, அத்தனை பேருக்கும் மூஞ்சிக்கு நேரே பதில் சொன்னாயே, இப்போது யார் பதில் சொல்வது? கட்டிலை உதைக்க வேண்டும் போலிருந்தது. அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தாள்.

செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். கால் விறைப்பதற்குள் நீட்டிவிட வேண்டும். தாடையைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கால் கட்டைவிரல் இரண்டையும் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றி, வாய்விட்டுக் கத்த வேண்டும். கத்தினால் தெருவே உள்ளே வந்துவிடும். கூடத்தில் சபரி வேன்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். கவிப்பிரியா, "அருண் மாமா தோடு வாங்கினு வந்துட்டாரா? பெட்டிய காட்டச் சொல்லு" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

துர்கா எழுந்து போர்வையைக் காலிலிருந்து கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். தாடையைக் கட்டவில்லை, காலை நீட்டவில்லை. ஜன்னல் வழியாக யாராவது எட்டிப் பார்த்தால் தூங்குகிறார் என்றுதான் நினைக்க வேண்டும். சாயங்காலம் வந்து கதவைத் திறந்து, அப்போதுதான் பார்த்ததுபோல் கத்திக்கொள்ளலாம். பாவமோ புண்ணியமோ தன்னோடு போகட்டும். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு இரண்டாம் தடவையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

"சித்தப்பா எய்ந்துட்டாரா?" என்றான் சபரி.

"ராத்திரி பூரா இருமல். இப்பதான் கண்ணசந்தாரு. எயுப்பாத."

"சரி," என்று சபரி செருப்பை மாட்டினான்.

திருப்பாச்சூரில் கோயில் வாசலில் முடியிறக்கினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கவிப்பிரியா போட்ட கூச்சலில் புறாவெல்லாம் கோபுரத்தை விட்டுக் கிளம்பின. அந்த நேரம் பார்த்துத்தான் பித்தளைத் தாம்பாளத்தை வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. சபரி யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு போனான். போக கால் மணி, வர கால் மணி. ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. அய்யர் அர்ச்சனைக்குத் தட்டு எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவன் திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது. வியர்த்ததா நனைந்ததா தெரியவில்லை, தலையெல்லாம் ஈரம்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? தட்டு எடுக்கப் போனியா, தட்டு செய்யப் போனியா?"

"ட்ராபிக்."

"ஞாயித்துக்கெயம காலையில ட்ராபிக்கா? இன்னா தலயெல்லாம் ஈரம்?"

"மண்ட காஞ்சிச்சு. தண்ணி ஊத்திக்கினேன். உடு துர்கா."

எல்லாரும் உள்ளே போனார்கள். துர்கா செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுவிட்டாள். பை எல்லாம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தீட்டை வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் போய் நிற்க அவளுக்குக் கால் வரவில்லை. திரும்பினால் சபரியும் வேப்பமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"நீயாச்சும் உள்ள போய் பேரு நட்சத்திரம் சொல்லுய்யா! பெத்த அப்பன் வெளிய நின்னா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"மச்சான் போயிருக்காரில்ல. சொல்லுவாரு."

"உன்ன வச்சிக்கினு நா படற பேஜாரு இருக்குதே..." என்று பல்லைக் கடித்தாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மண்டபத்தில் ஒன்பதரை மணிக்குக் காது குத்தினார்கள். பத்தர் முதல் காதில் ஊசியை இறக்கியதும் பிள்ளை அலறிய அலறலில் சமையல்காரரே கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். இரண்டாவது காதுக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அருண்பாண்டியன் சட்டையெல்லாம் கண்ணீரும் சளியும். "பரவால்ல பாப்பா, இதுக்குதான வந்தேன்," என்று துர்காவைப் பார்த்துச் சிரித்தான். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்த முள் இறங்கியதுபோலிருந்தது அவளுக்கு. உடனே, சாத்தி வைத்த கதவு நினைவுக்கு வந்தது.

"சித்தப்பாவ இட்டாரலியா?" என்றாள் ஜோதிலட்சுமி முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டு. "மொத பந்தி எனக்குன்னு சொல்லிக்கினே இருந்தாரே."

"அசந்து தூங்கறாரு அண்ணி. அலைய வைக்க வேணாம்னு ஆட்டோவ நிறுத்திட்டேன்."

சாம்பார் வாளியோடு வந்த சபரி அக்காவின் இலையில் ஊற்றிவிட்டு, அடுத்த இலை காலியாக இருந்ததைக் கவனிக்காமல் அதிலும் ஊற்றினான்.

"ஆளே இல்லாத எலயில ஊத்தறியே, கண்ணு எங்க கீது?" என்று துர்கா சீறினாள்.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோ எடுப்பவர். துர்கா சிரித்தாள். சபரியும் சிரித்தான்.

வீடு வந்து சேரும்போது மணி நாலு. வாசலில் வேனிலிருந்து பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். துர்கா எல்லாருக்கும் முன்னால் உள்ளே ஓடினாள். காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. கதவைத் திறக்க வேண்டும், இரண்டடி வைக்க வேண்டும், மாமா என்று கூப்பிட வேண்டும், கத்த வேண்டும்.

கதவைத் திறந்தாள். கத்தல் வரவில்லை.

கலியன் மல்லாந்து, கால் இரண்டையும் நேராக நீட்டிப் படுத்திருந்தார். கட்டைவிரல்கள் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. தாடையை அணைத்துத் தலையைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தது. நெற்றியில் விபூதி. இஸ்திரி போட்டு வைத்த சட்டையை எடுத்து நெஞ்சின்மேல் விரித்திருந்தது. தலைமாட்டில் ஓர் அகல் எரிந்து, எண்ணெய் தீர்ந்து, திரி கருகிக் கிடந்தது.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சபரி.

"எப்போ?" என்றாள் துர்கா.

"தட்டு எடுக்க வந்தேனே, அப்போ."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

அவள் குனிந்து, நெஞ்சின்மேல் கிடந்த சட்டையை நேராக இழுத்துவிட்டாள்.

"போர்வ கால் வரைக்கும் இருந்துச்சு," என்றான் சபரி. "உயிரோட இருக்கசொல்ல எப்பனா கால்ல போர்வைய தங்க உட்டுருக்காரா? நீதான் போத்திட்டு வந்துட்டன்னு தெரிஞ்சிபோச்சு. அப்பவே கால் நிமிர மாட்டேன்னுச்சு துர்கா. கஷ்டப்பட்டுதான் நீட்டினேன்."

துர்காவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு நாள் முழுக்க இதை வைத்துக்கொண்டா நின்றான், பரிமாறினான், போட்டோவுக்குப் பல்லைக் காட்டினான்? தானும் அதைத்தான் செய்தோம் என்பதும் கூடவே வந்து தொலைத்தது.

வெளியே யாரோ கிளம்புகிறோம் என்று குரல் கொடுத்தார்கள்.

"சரி, கத்து," என்றான் சபரி மெதுவாக.

"இன்னா?"

"எல்லாரும் போய்ட போறாங்கோ. மொதல்ல பொம்பளதான கத்துவாங்கோ. கத்து."

"என்னால ஆவாது. காலையிலேர்ந்து நெஞ்சுல அடக்கினு கீறேன், இப்ப வர மாட்டேங்குது. உன்ன தூக்கி வளத்தவருதான? நீ கத்து."

"மெதுவா பேசு."

"நீ மெதுவா பேசு!"

சபரி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு கவிப்பிரியா உள்ளே வந்தாள். சந்தனம் காய்ந்து வெடித்த மொட்டைத் தலை. வீங்கிச் சிவந்த காதில் இரண்டு சின்னத் தோடு.

"தாத்தா இன்னா தலயில துண்டு கட்டினு கீது?"

"பல்லு வலி," என்றான் சபரி.

பிள்ளை கட்டிலோரம் போய்த் தலையைச் சாய்த்து இடது காதைக் காட்டினாள்.

"நா அழவே இல்ல தாத்தா."

கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், வலது காதைக் காட்டுவதற்கு. வாசலில் ஜோதிலட்சுமி அண்டாவை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. துர்காவும் சபரியும், அவள் காட்டி முடிக்கட்டும் என்று நின்றார்கள்.