சிவப்பு அட்டையில் ஒரு மனைவி

நமச்சிவாயத்தின் மகன் பாலாஜிக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டிப் பெண் அமைந்ததிலிருந்து பண்டசோழநல்லூரில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை. பெண் பெயர் கார்த்திகா. அப்பன் வழியில் புதுச்சேரிக்காரி. பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாம் பிரான்சில். லீவில் வந்து நெல்லித்தோப்பில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். பெண் எப்படி, குணம் எப்படி என்று யாராவது கேட்டுத் தொலைத்தால், "பாஸ்போர்ட்டு பிரெஞ்சுப்பா" என்பார் நமச்சிவாயம். வேறு பதிலே கிடையாது. மகன் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அவர் கண்ணுக்கு அவன் பாரீசில் இறங்கி நடந்துகொண்டிருந்தான்.

இந்தக் கல்யாணத்துக்கு மேளத்தைவிடக் காகிதம் அதிகம். பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுத்து, அது முப்பது நாள் பலகையில் தொங்கி, யாரும் ஆட்சேபம் சொல்லாமல் இருக்க வேண்டும். ஜனனச் சான்று, இருப்பிடச் சான்று, பாஸ்போர்ட், விசா நகல் என்று ஒரு கட்டு வேறு. கார்த்திகா தனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற சான்று உட்பட எல்லாவற்றையும் வாங்கிக் கவரில் போட்டு நமச்சிவாயத்திடம் கொடுத்துவிட்டாள். பையன் பக்கம் பாக்கி ஒன்றே ஒன்றுதான். அவனும் கல்யாணம் ஆகாதவன் என்று எழுதி வாங்க வேண்டும்.

"இது இன்னா பெரிய விஷயம்? ஊருக்கே தெரியும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நமச்சிவாயம் விஏஓ ஆபீசுக்குக் கிளம்பினார்.

விஏஓ விஜயராஜ் கம்ப்யூட்டரில் தட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உங்க பையனுக்குக் கல்யாணம் ஆயி நாலு வருஷம் ஆவுதே."

"இன்னா சார் சொல்றீங்க?"

"நான் சொல்லல. ரேஷன் கார்டு சொல்லுது. சிவப்பு கார்டு. பாலாஜி, மனைவி செல்வகுமாரி. மனு குடுத்ததே நீங்கதான்."

நமச்சிவாயத்துக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. எட்டுக் காணி கரும்பு போடுகிறவருக்கு ஏழைகளுக்கான சிவப்பு அட்டை யார் கொடுப்பார்கள்? அதனால் மகனைச் சொத்தில்லாத தனிக் குடும்பம் என்று காட்டினார். குடும்பம் என்றால் பெண்டாட்டி வேண்டுமே. திருக்கனூரில் இருக்கும் தங்கை அம்மணியின் மகள் செல்வகுமாரியைப் பாலாஜிக்கென்று அப்போது பேசி வைத்திருந்தார்கள். எப்படியும் வரப்போகிறவள்தானே என்று, எதற்கென்று சொல்லாமல் அவள் ஆதார் நகலை வாங்கி அட்டையில் ஏற்றிவிட்டார். வந்த இலவச அரிசியைக் கோழிக்குப் போட்டார். பிறகு பிரான்சு சம்பந்தம் வந்தது. செல்வகுமாரி பேச்சிலிருந்து போனாள், அட்டையிலிருந்து போகவில்லை.

"ஒண்ணு, கோர்ட்டுல விவாகரத்து வாங்கியாங்க" என்றார் விஜயராஜ். "இல்லன்னா, கல்யாணமே நடக்கல, கார்டுக்காகப் பொய் சொன்னேன்னு நீங்களும் அந்தப் பொண்ணும் அபிடவிட் குடுங்க. கார்டு போயிடும், தின்ன அரிசிக்கும் கணக்கு கேப்பாங்க. பையன் கல்யாணம் ஆனவனா, அப்பன் பொய் சொன்னவனா? எத எழுதட்டும்?"

ஒரு வருஷமாகத் தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர், மறுநாள் ஒரு கிலோ ஜாங்கிரியோடு திருக்கனூர் பஸ் ஏறினார். அம்மணி ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் எழுதி வந்த அபிடவிட்டைச் செல்வகுமாரி நின்றபடியே படித்தாள். பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று அதில் பூசி மெழுகியிருந்தது.

"தவறுதலாவா மாமா?"

"ஒரு பேச்சுக்கு எழுதறதுதாம்மா."

"பேச்சுக்குத்தான் என்னயும் எழுதினீங்களா? உங்க வூட்டு அரிசிக்கு நாலு வருஷம் பொண்டாட்டியா இருந்திருக்கேன், எனக்கே தெரியல. நாளைக்கு எனக்கு ஒரு இடம் வந்தா, இந்தக் கார்ட வெச்சிக்கினு நான் இன்னா சொல்றது? நடந்தத நடந்தபடி எழுதியாங்க, கையெழுத்து போடறேன். ஜாங்கிரிய எடுத்துக்கினு போங்க."

அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. வில்லியனூரில் ஒரு நோட்டரி முன்னால் அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு ஆயிற்று. அரிசிக்காக, அவளைக் கேட்காமல், மனைவி என்று எழுதினேன். மானம் இப்போது போனால் போகட்டும், பிரான்சிலிருந்து வட்டியோடு வரும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அட்டை ரத்தானது. சான்று கைக்கு வந்தது.

பெண் வீட்டார் பிரெஞ்சில் மொழிபெயர்க்க வேண்டுமென்று மொத்தக் காகிதக் கட்டையும் கேட்டார்கள். கட்டுக்குள் எது இருக்கிறது, எது இருக்கக் கூடாது என்று பார்க்கும் புத்தி அந்த அவசரத்தில் அவருக்கு வரவில்லை. அபிடவிட்டோடு அப்படியே தூக்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கார்த்திகா நேரில் வந்தாள். பாலாஜியும் வீட்டில் இருந்தான்.

"உக்காரும்மா, காபி சாப்புடு."

"படிச்சேன் மாமா." தாள்கள் அவள் மடியில் இருந்தன. குரல் ஏறவில்லை. "அந்தப் பொண்ண அரிசிக்காக எழுதினீங்க. என்னய எதுக்காக எழுதறீங்க?"

நமச்சிவாயம் மகனைப் பார்த்தார். பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் என்று பயல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாலாஜி, என்ன சொல்லட்டும் என்று கேட்பதுபோல அப்பாவைப் பார்த்தான்.

கார்த்திகா இரண்டு பேரையும் பார்த்தாள். காகிதக் கட்டுக்குள்ளிருந்து தன் பாஸ்போர்ட் நகலை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மற்றதை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.