பெருமாயியின் முன்பல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு பல் டாக்டரின் அறையில். என் மகளுக்கு எட்டு வயது தாண்டியும் மேல் முன்பல் இரண்டும் முளைக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். இரண்டும் ஈறுக்குள்ளே ஜம்மென்று நின்றன. "பால்பல் சீக்கிரமே விழுந்துட்டா ஈறு இறுகிப்போயிடும். மெதுவாத்தான் வரும்" என்றார். எக்ஸ்ரே இல்லாத காலத்தில் என்ன செய்திருப்பார்கள்? வீடு வரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2

1936. கொல்லிமலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு

(அடச்சே. மழை இல்லாமல் எனக்குக் கதையே தொடங்காதா? அடித்துவிட்டேன்.)

1936. கொல்லிமலை. கண்ணாயியின் மகள் பெருமாயிக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில் பாறையில் விழுந்து மேல் முன்பல் இரண்டும் போயின. கண்ணாயி அவற்றைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தாள். அப்படி எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்பது அவள் நம்பிக்கை. நாலு வருஷமாக முளைக்கவில்லை.

மலையின் இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டிலிருந்து பெண் கேட்டிருக்கிறார்கள். முன்பல் முளைத்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு.*

* இந்த நிபந்தனை என் கற்பனை. ஆராய்ச்சியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

3

கண்ணாயி தன் கணவன் செங்கோடனிடம் கேட்கிறாள்.

"ஏனுங்க, போன வருசம் கூரை மேஞ்சப்ப பழைய புல்ல என்ன பண்ணுனீங்க?"

"எரிச்சேன். வேற என்ன பண்ணுவாங்க?"

"அட கடவுளே! புள்ள பல்லு அதுலதானுங்க இருந்துச்சு!"

இந்த இடத்தில் வாசகரைச் சிரிக்கவைக்கத்தான் நினைத்தேன். ஆனால் கண்ணாயி அழுகிறாள். எக்ஸ்ரே பார்க்கும்வரை நான் மட்டும் வேண்டாத சாமி உண்டா?

4

இவ்வளவு எழுதினேனே, பெருமாயியை ஒரு வார்த்தை கேட்டேனா?

"அப்பா, பல்லு வராட்டி நம்மூட்டுலயே இருந்துக்கலாமா?"

"வராம எங்க போவுது, சாமி" என்றான் செங்கோடன், ஆறுதலாக.

அன்றிலிருந்து அவள் ஈறை நாக்கால் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

5

இன்று காலை பெருமாயியின் நாக்கில் ஏதோ சுரண்டியது.

முடிவு ஒன்று: பெருமாயி மகிழ்ச்சியுடன் தாயிடம் ஓடி

(இவள் ஓடமாட்டாள்.)

முடிவு இரண்டு: பேச்சு முறிந்து, பெருமாயி பள்ளிக்கூடம் போய்

(எனக்கே நம்பிக்கையில்லை.)

"வாயத் தொற கண்ணு, அம்மா பாக்கறேன்." கண்ணாயி தினமும் கேட்பதுதான். பெருமாயி உதட்டை இறுக்கிக்கொள்கிறாள்.

நான் எழுதாமல் அவள் வாய் திறக்காது. நான் எழுதப்போவதில்லை. தாயின் விரல் மோவாயில் இருக்கிறது. திறக்கச் சொல்ல மனம் வந்தால், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.